வீட்டு வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன்

எங்கள் வீட்டில் இரண்டு முறை பெரிய வேலை நடந்திருக்கிறது. முதல் முறை, இரண்டு குளியலறைகளைப் புதுப்பித்து, மொட்டை மாடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் வேலை. இரண்டாம் முறை, மேலே ஒரு தளம் எழுப்பும் வேலை. முதலாவது ஆறு வாரத்தில் முடியும் என்று சொல்லப்பட்டு, ஐந்து மாதம் இழுத்தடித்துப் பாதியில் நின்றுபோனது. இரண்டாவது அதைவிடப் பல மடங்கு பெரியது. சொன்ன நாளைவிடப் பதினெட்டு நாள் தள்ளி முடிந்தது, அந்தப் பதினெட்டு நாளுக்கும் காரணம் தேதி வாரியாக எழுத்தில் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் பணமோ அறிவோ பெரிதாகக் கூடிவிடவில்லை. ஒப்பந்ததாரரைத் தேடிய முறையை மட்டும் மாற்றிக்கொண்டோம். அந்த முறையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதல் ஒப்பந்ததாரர் எங்கள் உறவினர் ஒருவரின் சிபாரிசில் வந்தார். மரியாதையாகப் பேசினார், எதைக் கேட்டாலும் "செஞ்சிடலாம்மா" என்றார். மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தோம், மூவரில் அவர் சொன்னதே குறைவு. அவர் கொடுத்த மதிப்பீடு ஒரே பக்கம். "குளியலறை இரண்டும் புதுப்பித்தல், மொட்டை மாடிக்கு வாட்டர்புரூஃபிங்" என்று இரண்டு வரி, கீழே ஒரு தொகை. எந்தத் தரத்து ஓடு, எந்த நிறுவனத்துக் குழாய், பழைய பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுப்பதா அல்லது மேலேயே பூசுவதா, இடிபாட்டை யார் அப்புறப்படுத்துவது என்று ஒன்றும் அதில் இல்லை. அதை ஒரு குறையாகக்கூட நான் அப்போது நினைக்கவில்லை. சுருக்கமாக இருந்ததால் தெளிவாக இருப்பதாக எண்ணிக்கொண்டேன். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார், கொடுத்தோம்.

இரண்டாம் வாரத்திலிருந்து "இது எஸ்டிமேட்ல இல்லம்மா" என்ற சொற்களை நான் கேட்கத் தொடங்கினேன். இடிபாட்டை ஏற்றிச் செல்லும் வண்டி வாடகை எஸ்டிமேட்டில் இல்லை. பழைய இரும்புக் குழாயை மாற்றுவது எஸ்டிமேட்டில் இல்லை. இரண்டும் இல்லாமல் அந்த வேலை நடக்கவே முடியாது என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். குறைந்த விலை எப்படிக் குறைந்த விலையாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது: மற்ற இருவர் கணக்கில் சேர்த்தவற்றை இவர் சேர்க்காமல் விட்டிருந்தார். கூடுதல் தொகைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய நடு விலையை அவர் விலை எப்போதோ தாண்டியிருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு மாலையில், ஓடு பதிக்கும் தொழிலாளி எங்கள் வாசலில் வந்து நின்றார். மூன்று வாரக் கூலி தனக்கு வரவில்லை என்றும், ஒப்பந்ததாரரைக் கேட்டால் வீட்டுக்காரர் பணம் தரவில்லை என்று சொல்வதாகவும் கூறினார். அதுவரை மொத்தத் தொகையில் முக்கால் பங்கை நாங்கள் கொடுத்திருந்தோம். முடிந்திருந்த வேலை பாதிகூட இல்லை. அன்று அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க நான் பட்ட கூச்சம் இன்னும் நினைவில் இருக்கிறது. நாங்கள் கொடுத்த பணம் எங்கே போனது என்பதைப் பிறகு அந்தத் தொழிலாளியே விளக்கினார். வேறொரு வீட்டில் பாதியில் நின்ற வேலையை முடிக்க எங்கள் முன்பணம் போயிருக்கிறது. எங்கள் வேலையை முடிக்க அடுத்த வீட்டின் முன்பணம் வந்தாக வேண்டும். ஒரு வீட்டுப் பணத்தில் இன்னொரு வீட்டை முடிக்கும் இந்தச் சுழற்சியில் இருப்பவர் கெட்ட எண்ணம் கொண்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் புதிய வேலை ஒன்று கிடைக்கத் தாமதமானால், வரிசையில் கடைசியாக நிற்கும் வீடு அப்படியே நின்றுவிடும். நாங்கள் அந்தக் கடைசி வீடாக இருந்தோம். சில வாரங்களில் ஒப்பந்ததாரர் தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

அடுத்த மழையில் கூடத்தின் கூரையில் ஈரம் படர்ந்தது. வேறொருவரை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, மாடியில் பூசிய நீர்த்தடுப்புப் படலம் கைப்பிடிச் சுவரை ஒட்டி மேலே ஏற்றப்படாமல் தரையோடு நின்றிருந்தது. தரையும் சுவரும் சேரும் அந்த மூலைதான் முதலில் கசியும் இடம். படலத்தைச் சுவரில் ஒரு சாணுக்காவது மேலே ஏற்றி முடிக்க வேண்டும். தளத்தின் சரிவு, தண்ணீர் வடியும் குழாயை நோக்கி ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். எங்கள் மாடியில் ஒரு மூலையில் தண்ணீர் குளமாகத் தேங்கியது. குளியலறையிலும் இதே கதைதான். படலம் காய்ந்ததும் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒன்றிரண்டு நாள் வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே ஓடு பதிக்க வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனையை அவர் செய்யவில்லை. செய்யச் சொல்லிக் கேட்க எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

மேல்தளம் கட்ட வேண்டிய தேவை வந்தபோது, என் கணவர் முதலில் சொன்னது, "இந்தத் தடவை அவசரப்பட வேண்டாம்" என்பதுதான். தேடலுக்கு மட்டும் மூன்று மாதம் ஒதுக்கினோம். அந்த மூன்று மாதம் வீண் என்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வேலையில் எங்கள் கைக்குள் இருந்த காலம் அது மட்டுமே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சுவரை இடித்துவிட்ட பிறகு வீட்டுக்காரரிடம் எஞ்சும் பலம் மிகக் குறைவு.

நல்ல ஒப்பந்ததாரர் யார் என்று உறவினரிடமும் நண்பரிடமும் கேட்பதை முதலில் விட்டோம். சிபாரிசு செய்பவர் பெரும்பாலும் அந்த ஒப்பந்ததாரரின் பேச்சை அறிந்தவராக இருப்பார், அவர் வேலையை அறிந்தவராக இருக்க மாட்டார். அதற்குப் பதிலாக, அவரோடு பணம் புழங்குகிறவர்களிடம் போனோம். சிமென்ட், கம்பி விற்கும் கடைக்காரருக்கு எந்த ஒப்பந்ததாரர் கடனை நாளுக்கு அடைக்கிறார், யார் மாதக்கணக்கில் இழுக்கிறார் என்பது தெரியும். கட்டமைப்புப் பொறியாளருக்கு, வரைபடத்தில் உள்ளபடி கம்பி கட்டுபவர் யார், கேட்காமல் மாற்றிவிடுபவர் யார் என்று தெரியும். எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் தொழிலாளிகள். முதல் வேலையில் கூலி கிடைக்காமல் எங்கள் வாசலுக்கு வந்த அந்த ஓடு பதிப்பவரையே தேடிப்பிடித்துக் கேட்டேன். அவர் இரண்டு பெயர்களைச் சொன்னார், இரண்டுக்கும் அவர் கொடுத்த காரணம் ஒன்றுதான்: வாரக்கூலி தவறியதில்லை. கூலி தவறாத இடத்தில் நல்ல கொத்தனார் நிலைத்து நிற்பார். ஆட்கள் வாரத்துக்கு வாரம் மாறாத இடத்தில் சுவர் நேராக எழும்பும். எங்கள் பட்டியலில் சேர்ந்த ஐந்து பேரில் இருவர் அவர் சொன்னவர்கள்.

அந்த ஐவரும் முன்பு கட்டிக்கொடுத்த வீடுகளைப் பார்க்கப் போனோம். புதிதாக முடிந்த வீட்டை ஒப்பந்ததாரர்கள் ஆசையோடு காட்டுவார்கள். வண்ணம் புதிது, ஓடு புதிது, எல்லாம் அழகாகவே இருக்கும். நாங்கள் குறைந்தது மூன்று மழைக்காலம் கண்ட வீடுகளைக் காட்டும்படி கேட்டோம். ஒருவர் அத்தகைய முகவரி எதையும் தரவில்லை, அவரை அப்போதே விட்டுவிட்டோம். மற்ற வீடுகளில் குடியிருப்பவர்களிடம், திருப்தியா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றே சொல்வார்கள், தாம் எடுத்த முடிவு தவறு என்று முன்பின் தெரியாதவரிடம் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நான் கேட்டவை வேறு. வேலையில் எது தவறாகப் போனது, அப்போது அவர் என்ன செய்தார்? முதலில் சொன்ன தொகைக்கும் கடைசியாகக் கொடுத்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம், அது எதனால் வந்தது? கடைசிப் பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு ஏதாவது பழுதுக்குக் கூப்பிட்டீர்களா, வந்தாரா? ஒரு வீட்டில் ஓர் அம்மாள், தம் வீட்டுக் குழாயில் ஒரு வருடம் கழித்து வந்த கசிவை அவர் வந்து பிரித்துச் சரிசெய்ததையும், பிரித்த இடத்துக்கு ஒத்த நிறத்தில் ஓடு தேடி அலைந்ததையும் விரிவாகச் சொன்னார். ஒரு குறையும் வரவில்லை என்று சொன்ன வீடுகளைவிட, இந்த வீடு எனக்கு அதிக நம்பிக்கை தந்தது.

அடுத்தது, நடந்துகொண்டிருக்கும் வேலைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பது. தேர்வில் வேறு எதைச் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கட்டட நுணுக்கம் தெரியாதவரும் அங்கே பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவை நிறைய உண்டு. சிமென்ட் மூட்டைகள் தரையிலேயே கிடக்கின்றனவா, பலகை போட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கி மூடியிருக்கின்றனவா? கம்பிகள் சேற்றில் கிடக்கின்றனவா? தளத்துக்குக் கட்டிய கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா? அந்தச் சிறு கட்டைகள் இல்லையென்றால் கம்பி பலகையோடு ஒட்டிக்கொண்டு, கான்கிரீட் போட்ட பின் அடியில் மூடாமல் நின்றுவிடும். சில ஆண்டுகளில் துருப்பிடித்து உப்பிக் கூரைப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். போட்டு முடித்த தூண்களில் ஈரச்சாக்கு சுற்றியிருக்கிறதா, அல்லது வெயிலில் வெளிறிக் கிடக்கின்றனவா? குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்பது கான்கிரீட்டின் மிக அடிப்படையான பாடம். அதற்கு ஆள் கூலியைத் தவிரச் செலவும் இல்லை. அதையே செய்யாதவர் வேறு எதையெல்லாம் செய்யாமல் விடுவார் என்று யோசித்துப் பார்க்கலாம். வரைபடம் வேலையிடத்தில் இருக்கிறதா, அதை மேஸ்திரி விரித்துப் படிக்கிறாரா என்பதையும் பார்த்தோம். ஒரு இடத்தில் வரைபடம் எங்கே என்று கேட்டபோது, "எல்லாம் மனசுல இருக்குங்க" என்றார் மேஸ்திரி. அவர் திறமையானவராகவே இருக்கலாம், ஆனாலும் என் வீட்டின் அளவுகள் வேறொருவர் மனத்தில் மட்டும் இருப்பதை நான் விரும்பவில்லை.

இன்னொரு இடத்தில் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கலவை இறுகலாக இருக்கிறது என்று சித்தாள் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைச் சேர்த்து ஊற்றினார். ஒப்பந்ததாரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சிமென்ட்டுக்கு ஏற்ற அளவைத் தாண்டித் தண்ணீர் கூடக் கூடக் கான்கிரீட்டின் வலிமை குறையும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-ஆம் ஆண்டிலேயே சோதனைகளால் காட்டியிருக்கிறார். நூறு ஆண்டுக்கு மேலாகத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இது. கூடுதல் தண்ணீர் கலவையைத் தள்ளிப் பரப்புவதை எளிதாக்கும், அன்றைய வேலை சீக்கிரம் முடியும். பலவீனம் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரும். அந்த ஒப்பந்ததாரரின் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்தோம். வேறொரு வேலையிடத்தில் இதே காட்சியைப் பார்த்தபோது, அங்கிருந்த மேஸ்திரி வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அளவுக் கேன் எங்கப்பா?" என்று கேட்டார். முதலாளி அங்கு இல்லை. அவர் இல்லாதபோதும் அங்கே ஒரு முறை கடைப்பிடிக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொண்டேன்.

இப்படி மூவர் மிஞ்சினார்கள். மூவருக்கும் பொறியாளர் தயாரித்த ஒரே வரைபடத்தையும், வேலைகளை அளவோடு வரிசைப்படுத்திய ஒரே பட்டியலையும் கொடுத்து விலை கேட்டோம். முதல் முறை நாங்கள் மூன்று பேரிடம் விலை கேட்டது ஒப்பீடே ஆகாது. மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருந்தார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும் ஒப்பந்தத்திலும் இதே ஆபத்து உண்டு. பால்கனி முழுப் பரப்பா பாதிப் பரப்பா, படிக்கட்டு எத்தனை முறை கணக்கில் வருகிறது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளே அடக்கமா என்று எழுதி வைக்காவிட்டால், கடைசியில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டியதாகும்.

வந்த விலைகளில் மிகக் குறைந்ததை எடுத்து, அதில் எழுதியிருந்த கம்பியின் எடையை மட்டும் நாங்களே சரிபார்த்தோம். இது யாராலும் முடிகிற கணக்கு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும், 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ. வரைபடத்திலுள்ள கம்பிகளின் நீளத்தைப் பொறியாளரின் அட்டவணையிலிருந்து எடுத்துப் பெருக்கியபோது, அந்த மதிப்பீட்டில் கம்பி நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கேட்டதற்கு, "அது சைட்ல சரி பண்ணிக்கலாம்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். கேள்வியைக் கேட்டது நான். அதற்கு முந்தைய சந்திப்பிலும் நான் கேட்டவற்றுக்கெல்லாம் அவர் என் கணவரிடமே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் வேலையிடத்தில் நின்று பார்க்கப்போவது நானாக இருந்ததால், இது எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை. யார் கேட்டாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லத் தெரியாதவரோடு ஒரு வருடம் வேலை நடத்த முடியாது.

நாங்கள் தேர்ந்தெடுத்தவர், ஓடு பதிப்பவர் சொன்ன இருவரில் ஒருவர். அவர் உடனே விலை சொல்லவில்லை. "அம்மா, கீழ்வீட்டு அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமான்னு தெரியாம நான் விலை சொல்றது சரியா இருக்காதுங்க. ஒரு மூலையில தோண்டிப் பார்த்துடலாம். உங்க இன்ஜினியரும் கூட இருக்கட்டும்" என்றார். பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிடலாம் என்று மற்ற இருவரும் சொல்லியிருக்க, இவர் மட்டும் அது சுமை தாங்கும் சுவர் என்றும், உத்தரம் போடாமல் எடுக்கக் கூடாது என்றும், உத்தரம் போட்டால் கூரை உயரம் அந்த இடத்தில் குறையும் என்றும் சொன்னார். எங்களுக்குப் பிடிக்காத செய்தி அது. வேலை கைக்கு வருமா என்று தெரியாத நிலையிலேயே பிடிக்காததைச் சொல்லக்கூடியவர், வேலை நடக்கும்போதும் சொல்வார் என்று நான் நம்பினேன். பத்து நாள் கழித்து வந்த அவர் மதிப்பீடு பதினான்கு பக்கம் இருந்தது. விலையில் அவர் நடுவில் நின்றார்.

அவரும் எங்களிடம் கேள்விகள் கேட்டார். முடிவு எடுப்பது யார், நீங்களா சாரா? ஓடு, கதவு, குழாய்ச் சாமான் எல்லாவற்றையும் எந்தத் தேதிக்குள் தேர்வுசெய்து சொல்வீர்கள்? வேலை ஒரு கட்டம் முடிந்தால் எத்தனை நாளில் பணம் வரும்? தினமும் ஒன்றை மாற்றிக்கொண்டே இருந்த ஒரு வீட்டில் தாம் பட்ட நஷ்டத்தைச் சொல்லி, அதனால்தான் கேட்பதாக விளக்கினார். நம்பகமான ஒப்பந்ததாரரைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாங்கள், நம்பகமான வீட்டுக்காரரை அவரும் தேடுவார் என்பதை யோசித்திருக்கவில்லை. அன்றே உட்கார்ந்து அந்தத் தேதிகளை எழுதிக் கொடுத்தோம்.

உரிமம், காப்பீடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்ததாரருக்கு உரிமம் கட்டாயமாக உள்ள இடங்களில், அவர் காட்டும் நகலோடு நின்றுவிடாமல் அந்த எண்ணை உரிமம் வழங்கிய அலுவலகத்திலேயே சரிபார்க்க வேண்டும். தொழிலாளர்களுக்கான விபத்துக் காப்பீடு வேலை முடியும் தேதி வரை நடப்பில் இருக்கிறதா என்பதையும் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி விழுந்த பிறகு எழக் கூடாது.

ஒப்பந்தத்தைப் பொறியாளரின் உதவியோடு எழுதினோம். வரைபடங்களும் வேலைப் பட்டியலும் அதன் பகுதியாகவே இணைக்கப்பட்டன. பொருள்களின் தரமும் பெயரும், அனுமதிகளை யார் வாங்குவது, இடிபாட்டை யார் அகற்றுவது, தாமதத்துக்கு எவை நியாயமான காரணம், பிரிய நேர்ந்தால் முடிந்த வேலையை யார் அளந்து கணக்கு முடிப்பது என்பதெல்லாம் எழுதப்பட்டன. பணம் கொடுக்கும் விதத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் இல்லை. அதன்பின் தேதியை வைத்துப் பணம் இல்லை. தூண்கள் எழுந்ததும் ஒரு பங்கு, தளம் போட்டதும் ஒரு பங்கு, சுவர் முடிந்ததும், பூச்சு முடிந்ததும் என்று கண்ணால் பார்க்கக்கூடிய கட்டங்களை வைத்தே பணம். எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் கொடுத்த பணம், முடிந்த வேலையைவிடச் சற்றுப் பின்தங்கியே இருக்கும்படி அந்தப் பங்குகளை அமைத்தோம். சன்னல், கதவு போல முன்கூட்டியே பணம் கட்டிச் செய்விக்க வேண்டியவற்றுக்கு, விற்பவருக்கே நேரடியாகக் கொடுத்து எங்கள் பெயரில் ரசீது வாங்கினோம். கடைசி ஐந்து சதவீதம், வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து, இடையில் ஒரு மழைக்காலமும் கடந்த பிறகு. இந்த ஐந்து சதவீதத்துக்கு முதல் ஆள் ஒப்புக்கொண்டிருப்பாரா என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. இவர் அதைப் படித்துவிட்டு, ஆறு மாதத்தில் வரும் மயிரிழை விரிசலுக்கும் கட்டமைப்பு விரிசலுக்கும் வித்தியாசம் எழுதச் சொன்னார், அவ்வளவுதான்.

மாற்றங்களை எழுதி வாங்குவது என்ற நிபந்தனையை நாங்கள் சேர்த்தோம், ஆனால் அதை முதலில் மீறப் பார்த்தது நான்தான். சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது படுக்கையறைச் சன்னலை அகலமாக்கலாமா என்று மேஸ்திரியிடம் வாய்மொழியாகக் கேட்டேன். மாலையில் ஒப்பந்ததாரர் ஒரு தாளோடு வந்தார். லிண்டலின், அதாவது சன்னலுக்கு மேலே வரும் சிறு உத்தரத்தின், நீளமும் அதன் கம்பியும் மாறும், சன்னல் கம்பி வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் அதற்குக் கூடுதல் செலவு, நான்கு நாள் தாமதம் என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். தொகையைப் பார்த்துவிட்டு நானும் என் கணவரும் ஓர் இரவு யோசித்தோம், பிறகு கையெழுத்திட்டோம். மொத்தம் ஏழு தாள்கள் அப்படிச் சேர்ந்தன. தாமதமான பதினெட்டு நாளில் பதினொரு நாள் அந்தத் தாள்களில் இருக்கிறது, மீதி ஏழு நாள் மழை.

தளம் போடும் நாளில், கேட்காமலே ஆறு கனசதுர அச்சுகளில் கான்கிரீட்டை நிரப்பி எடுத்து வைத்தார். மூன்றை ஏழாம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். ஏழாம் நாளில் முழு வலிமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்க வேண்டும். முடிவுத் தாள் பொறியாளருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் வந்தது. பொறியாளர் குறித்த நாளுக்கு முன்னால், தளத்தைத் தாங்கி நின்ற ஒரு முட்டுக்கூட எடுக்கப்படவில்லை.

தூண்களின் பலகையைப் பிரித்த ஒரு காலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க. வடக்கு மூலைத் தூண் அடியில சரியா இறங்கல. நீங்க பாக்காம நான் கை வைக்கல" என்றார். போய்ப் பார்த்தேன். தூணின் அடியில் ஒரு கையகலத்துக்கு ஜல்லி தேன்கூடு போலத் தெரிந்தது; அதிர்வு இயந்திரம் அந்த மூலைக்குச் சரியாக எட்டாததால் கலவை இறங்காமல் போயிருந்தது. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்து, கம்பி வரை போகவில்லை என்று உறுதிசெய்து, உதிரியாக இருந்ததை எல்லாம் கொத்தி எடுத்துக் கழுவிவிட்டுச் சுருங்காத கிரவுட் என்னும் சிமென்ட் குழம்பைக் கொண்டு நிரப்பச் சொன்னார். அந்தச் செலவு முழுவதும் ஒப்பந்ததாரருடையது. கீழே நின்று அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு சட்டி சிமென்ட் கலவையை எடுத்து அதை மூடியிருந்தால் என் வாழ்நாளில் எனக்குத் தெரிந்திருக்காது. முதல் வேலையில் என் கூரைக்கு மேலே அப்படித்தான் எல்லாம் மூடப்பட்டிருந்தது.

குளியலறைகளில் தண்ணீர் கட்டி வைத்த இரண்டு நாளும் கீழ்க்கூரையை நானே காலையும் மாலையும் தொட்டுப் பார்த்தேன். ஓடு பதிக்க வந்தவர், கூலி வாங்காமல் ஒரு மாலையில் எங்கள் வாசலில் நின்ற அதே தொழிலாளி. பழைய ஒப்பந்ததாரர் பாக்கி வைத்ததை நாங்கள் பிறகு அவரிடம் கொடுத்திருந்தோம், அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

குடிவந்து ஆறாம் மாதம், மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், ஒப்பந்ததாரர் ஏணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மேஸ்திரியோடு வந்தார். மொட்டை மாடியின் நான்கு மூலைகளையும், சன்னல்களின் அடிப்பகுதியையும், சுவரும் தூணும் சேரும் இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் பூச்சில் மெல்லிய விரிசல், ஒரு கதவு மழையில் உப்பி இறுகியிருந்தது, ஒரு குழாயின் வாசர் தேய்ந்திருந்தது. நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் அந்தக் கதவு இல்லை. அவர் திறந்து மூடிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் ஆள் அனுப்பி நான்கையும் சரிசெய்தார். அன்று மாலையே நிறுத்தி வைத்திருந்த ஐந்து சதவீதத்தை அவர் கணக்கில் செலுத்திவிட்டு, ஏழு மாற்றத் தாள்களையும் ஆய்வக முடிவுகளையும் ரசீதுகளையும் ஒரே கோப்பில் வைத்துக் கட்டினேன். அடுத்த வருடம் வீடு கட்டப்போகும் என் தங்கை அந்தக் கோப்பை இப்போது வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.